வயரின் மறுமுனை

கரண்ட் ஆபீசில் கரண்ட்டுக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ரீடிங் அக்காவும் அங்கே வேலையில் சேரும்வரை நம்பியிருக்க மாட்டாள்.

வீடு வீடாகப் போய் மீட்டரின் முன்னால் ஒரு சின்ன மெஷினைக் காட்டுவது அவள் வேலை. மெஷின் மீட்டரைப் பார்க்கும், எண்ணைப் படிக்கும், பில்லைத் துப்பும். கையடக்க மெஷின் என்று அதற்குப் பெயர். அதை வாங்கிய நாளில் இலாகா மேடை போட்டு ரிப்பன் வெட்டியது. இனி எங்கள் சேவை உங்கள் வாசலுக்கே வரும் என்று மைக்கில் முழங்கினார்கள். வரத்தான் செய்தது, பேட்டரிக்கு உயிர் இருந்தவரை.

பேட்டரி மண்டையைப் போட்டதும் புதிது கேட்டு கம்பெனிக்கு எழுதினார்கள். அந்த மாடலையே நாங்கள் நிறுத்தி வெகுநாள் ஆயிற்று, பேட்டரியும் இப்போது செய்வதில்லை, தங்கள் நலம் அறிய ஆவல் என்று கம்பெனி பதில் எழுதியது. இலாகாவின் விதியோ, கம்பெனியின் அசல் பேட்டரியைத் தவிர வேறெந்தப் பேட்டரியும் மெஷினுக்குள் போகக் கூடாது என்றது. அவர்கள் செய்ய மாட்டார்கள், இவர்கள் வேறு வாங்க மாட்டார்கள். இரண்டு தரப்பும் கொள்கையில் பிடிவாதமாக நின்றதால் தற்காலிக ஏற்பாடாக வயர் வந்தது.

வயரின் ஒரு முனையை மெஷினிலும் மறுமுனையை வீட்டுக்காரரின் பிளக் பாயிண்டிலும் செருகினால் மெஷின் கண் திறக்கும். பிடுங்கினால் அந்தக் கணமே மூடிக்கொள்ளும். மெஷினையும் வயரையும் ஒரே ஆள் சுமப்பது மனிதாபிமானமில்லை என்று வயர் உதவியாளர் ஒருவரைப் போட்டார்கள். உதவியாளரை மேற்பார்க்க ஒருவர், மேற்பார்த்ததைத் தட்டச்சு செய்ய ஒருவர், இவர்களையெல்லாம் அடிக்கடி கூப்பிட்டு வைத்துப் பேச வயர் அதிகாரி என்று ஒருவர். நாளடைவில் வயர் பிரிவுக்குத் தனி அறையும் தனி போர்டும் வந்தன. அந்த ஆபீசிலேயே ஒழுங்காக வேலை செய்கிற ஏசி அங்கேதான் இருந்தது. தற்காலிக ஏற்பாட்டின் ஆண்டு நிறைவுக்கு ஒவ்வொரு வருஷமும் கேக் வெட்டினார்கள்.

ரீடிங் அக்காவுக்கு வாய்த்த வயர் உதவியாளரை எல்லோரும் சுருள் அண்ணன் என்பார்கள். தோளில் வயர்ச் சுருள், கையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், எதற்கும் அவசரப்படாத நடை. ஓய்வு பெற அதிக காலம் இல்லை. ஆபீசுக்குப் பின்தெருவிலேயே வீடு. மத்தியானம் வீட்டுக்குப் போய் மனைவி கையால் சாப்பிட்டுவிட்டு, பாயில் முதுகை நீட்டி ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டுத்தான் அடுத்த தெருவுக்கு வருவார். அந்தத் தூக்கத்துக்காகவே பதவி உயர்வு ஒன்றை வேண்டாம் என்று சொன்னவர்.

இருவரும் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றால், அக்கா கூச்சத்தோடு ஆரம்பிப்பாள். "சார், கரண்ட் ஆபீஸ்லேருந்து வரோம். கொஞ்சம் கரண்ட் குடுக்கறீங்களா?"

"எங்கிட்டயேவா?" என்பார் வீட்டுக்காரர்.

"ரீடிங் எடுக்கத்தான் சார்."

"என் கரண்ட்ட உறிஞ்சி எனக்கே பில்லு போடப்போறீங்க. நல்லா இருக்கும்மா உங்க நியாயம். காபி ஏதாவது வேணுமா, இல்ல கரண்ட் மட்டும் போதுமா?"

சுருள் அண்ணன் மட்டும் அந்தக் கேலியைக் கேலியாக எடுத்துக்கொள்ளாமல், "காபி குடுத்தாலும் நல்லதுதான் சார்" என்பார்.

அக்காவுக்கு இதெல்லாம் பழகிப்போயிருந்தது. பழகாதது ஒன்றுதான். அவளுடைய வீடு அந்த ஊரில் இல்லை. கணவனும் பெண்ணும் ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் போனால் வருகிற வேறொரு ஊரில் இருந்தார்கள். இவள் இங்கே ஒரு லாட்ஜின் மாடி அறையில் இருந்தாள். சாயங்காலம் ஆனால் போனில் முகம் பார்ப்பார்கள். பெண் தலையைத் திருப்பிக் காட்டுவாள்.

"பாரும்மா, அப்பா பின்னுன லட்சணத்த. ஒண்ணு வாசலப் பாக்குது, ஒண்ணு கொல்லையப் பாக்குது. ஸ்கூல்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. நீ எப்ப வருவ?"

"டிரான்ஸ்பர் வந்துரும்டா கண்ணு. டைப் அடிச்சு ரெடியா இருக்காம்."

அது உண்மைதான். டிரான்ஸ்பர் உத்தரவு வயர் அதிகாரியின் மேஜை டிராயரில் தயாராக இருந்தது. வயர் இல்லாமல் அங்கே எதுவும் நடக்காது என்பதால், போகிற வருகிற ஆட்களின் உத்தரவும் அந்த மேஜைக்கே வந்து சேர்ந்திருந்தது. கையெழுத்துப் போட ஒரே ஒரு நிபந்தனை. அவளுடைய பகுதியில் ரீடிங் எடுக்காத வீடு ஒன்றுகூடப் பெண்டிங் இருக்கக் கூடாது.

ஒன்று இருந்தது. தையல்காரர் வீடு.

அந்த வீட்டில் மீட்டர் வெளிச்சுவரில். பிளக் பாயிண்ட் உள்ளறையில். நடுவில் நீளமான நடை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டும் வயர் எட்டவில்லை. எட்டாததால் ரீடிங் எடுக்கவில்லை. தொடர்ந்து ரீடிங் எடுக்க முடியாத வீட்டுக்கு இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்பது விதி, ஆகவே துண்டித்தார்கள். திரும்ப இணைக்க வேண்டுமானால் கடைசி ரீடிங் வேண்டும். ரீடிங் எடுக்க மெஷின் ஓட வேண்டும். மெஷின் ஓட அந்த வீட்டில் கரண்ட் இருக்க வேண்டும். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அக்காவுக்குத் தலை சுற்றும். மறுபடி முதலிலிருந்து யோசிப்பாள். மறுபடியும் அங்கேயே வந்து நிற்பாள்.

வயர் அதிகாரியிடம் போய் நின்று கெஞ்சிப் பார்த்தாள்.

"சார், மீட்டர்ல நம்பர் கண்ணுக்கு நல்லாத் தெரியுது. நான் பாத்து எழுதிடட்டுமா?"

அவர் அதிர்ந்துபோனார். "கண்ணா? கண்ணு ஆளுக்கு ஆள் மாறும்மா. உனக்கு எட்டாத் தெரியறது எனக்கு மூணாத் தெரியும். அதனாலதானே இவ்வளவு செலவு பண்ணி மெஷின் வாங்கினோம்?"

"பக்கத்து வீட்டுல பிளக் பண்ணி..."

"பக்கத்து வீட்டுக் கரண்ட்டுல இந்த வீட்ட அளந்தா அது மின்சாரத் திருட்டு. பிடிக்க வேண்டிய நாமளே திருடலாமா?"

"அப்ப நான் என்னதான் சார் பண்றது?"

"பொறுமையா இரு. அந்த வீட்டுக்குக் கரண்ட் வந்ததும் முதல் வேலையா போய் ரீடிங் எடுத்துடு" என்றார் அவர் பரிவோடு.

அன்று மத்தியானம் அவள் கால் போன போக்கில் தையல்காரர் வீட்டுக்கே போய்விட்டாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து கால் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். இஸ்திரிப் பெட்டி மூலையில் தூசி படிந்து கிடந்தது. இருட்டினால் தைக்க முடிவதில்லை, பாதி வாடிக்கை வேறு கடைக்குப் போய்விட்டது. ஆனாலும் மனிதர் முகத்தில் சிரிப்பு குறையவில்லை. அவர் தோளுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி மின்விசிறி விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது.

அக்கா அதையே பார்த்தாள். "கரண்ட் இல்லாம இது எப்படிங்க ஓடுது?"

"பேட்டரிக்கா. இதோட பழைய பேட்டரி செத்துப்போச்சு. மார்க்கெட் சந்துல டூப்ளிகேட் ஒண்ணு வாங்கிப் போட்டேன். பக்கத்து வீட்டுல சார்ஜ் போட்டுக்குவேன். ஒரிஜினலவிட நல்லா ஓடுது."

அக்கா எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

மார்க்கெட் சந்தில் போன் கடைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. ஒரு கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பேட்டரிகள் பிஸ்கட் மாதிரி அடுக்கியிருந்தன. கடைக்காரர் மெஷினைத் திருப்பிப் பார்த்தார், மூடியைக் கழற்றினார், செத்த பேட்டரியை முகர்ந்துகூடப் பார்த்தார்.

"இதுக்கு மூணு ரகம் இருக்குக்கா. ஒரிஜினல், ஒரிஜினல் மாதிரி, அப்புறம் சும்மா மாதிரி."

"ஒரிஜினல் குடுங்க."

"இருக்குன்னு சொன்னேன், எங்கிட்ட இருக்குன்னு சொல்லலையே. அது உலகத்துலயே இல்ல. ஒரிஜினல் மாதிரி எடுத்துக்குங்க. மேல ஒட்டியிருக்கற கம்பெனி பேரு மட்டும் பொய். உள்ள இருக்கற சரக்கு நிஜம்."

"வெடிக்குமா?"

"வெடிச்சா எடுத்துட்டு வாங்க, மாத்தித் தரேன்."

வந்தது வரட்டும் என்று அவள் தலையாட்டினாள். அவர் மல்டிமீட்டர் கம்பியை வைத்துப் பார்த்து, பேட்டரியை உள்ளே அழுத்தினார். கொஞ்சம் தடிமன் அதிகம். மூடி மூடவில்லை. கடைக்காரர் ரப்பர் பேண்ட் ஒன்றை எடுத்துச் சுற்றினார். மெஷின் ஒரு தடவை கண்ணடித்துவிட்டு எரிந்தது. வயர் இல்லை, பிளக் இல்லை, கெஞ்சல் இல்லை. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. விலை ஒரு சாப்பாட்டுச் செலவுதான். இன்னொன்றும் சேர்த்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

திரும்பும் வழியிலேயே தையல்காரரின் மீட்டர் முன்னால் மெஷினைக் காட்டினாள். அது சமர்த்தாகப் படித்து பில்லைத் துப்பியது. அன்று சாயங்காலம் போனில், "ரிப்பன் எடுத்து வை, அம்மா வந்து பின்னிவிடறேன்" என்று பெண்ணிடம் சொல்லிவிட்டாள். அவசரப்பட்டுவிட்டாள் என்று சொல்ல வேண்டும்.

மறுநாள் ஆபீஸ் கம்ப்யூட்டர் அந்த ரீடிங்கை ஏற்கவில்லை. ரீடிங்கோடு எப்போதும் பதிய வேண்டிய, எந்தப் பிளக் பாயிண்டிலிருந்து கரண்ட் எடுக்கப்பட்டது என்ற எண் அதில் இல்லை. பேட்டரியில் எடுத்தேன் என்றாள். வயர் பிரிவில் தட்டச்சு நின்றது. ஏசி கூட ஒரு நிமிஷம் நின்று யோசித்தது.

விசாரணையில் அவளோடு சுருள் அண்ணனையும் நிற்க வைத்தார்கள். மேஜை மேல் மெஷின், ரப்பர் பேண்டோடு.

வயர் அதிகாரி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "இந்தப் பேட்டரி வேலை செய்யுதா?"

"நல்லா செய்யுது சார்."

"அதத்தான் நானும் கேக்கறேன். நல்லா வேலை செய்ய அதுக்கு யாரு அனுமதி குடுத்தா?"

அக்கா ரப்பர் பேண்டை நேராக்கி வைத்தாள்.

"இத பாரும்மா. எனக்கு உன் மேல தனிப்பட்ட கோபம் ஒண்ணும் இல்ல. வேலை செய்யாத பேட்டரிய வெச்சுட்டு நாங்க இத்தனை வருஷமா ஒரு பிரிவையே நடத்தறோம். நீ சந்துல போய் ஒண்ண வாங்கிப் போட்டுட்டு ஓடுதுங்கற. நாளைக்கு ஒருத்தன் வந்து, அப்ப வயர் பிரிவு எதுக்குன்னு கேப்பான். கேக்கறவன் நம்மகிட்ட கேக்க மாட்டான். மேல போய்க் கேப்பான். மேல இருக்கறவங்களுக்கு வயர் பிரிவுன்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது. தெரியாம இருக்கறவரைக்கும்தான் நமக்கு நல்லது. புரியுதா?"

"புரியுது சார்" என்றார் சுருள் அண்ணன், அவரைக் கேட்காமலே.

பேட்டரியைச் சோதிக்கக் குழு ஒன்று அமைந்தது. வெடித்துவிடுமோ என்ற பயத்தில் அதை ஒரு வாளி மணலில் புதைத்து, ஆபீஸ் முற்றத்தில் வைத்து, சுற்றிலும் கயிறு கட்டினார்கள். வாட்ச்மேன் வாளிக்குக் காவல் இருந்தார். அவர் காவல் இருந்தது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. வாளி வெடிக்கவில்லை. ஒரு பூனை வந்து மணலைத் தன் தேவைக்குப் பயன்படுத்திக்கொண்டு போனது. குழு அதையும் சோதனையின் ஒரு பகுதியாகச் சேர்த்துக்கொண்டது.

பிறகு முக்கியமான சோதனை. வயர் பிரிவு கண்ணாடிப் பேழையில் பத்திரமாக வைத்திருந்த செத்த அசல் பேட்டரி ஒன்றை எடுத்துவந்து, அதோடு இதை ஒப்பிட்டார்கள். அசலைப் போட்டால் மெஷின் ஓடவில்லை. இதைப் போட்டால் ஓடியது. அசலை எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் ஏறவில்லை. இது ஏறியது. எந்த அம்சத்திலும் ஒத்துப்போகவில்லை.

வயர் அதிகாரி முடிவை எழுந்து நின்று வாசித்தார். "அசல் பேட்டரியின் குணம் எதுவும் இப்பொருளிடம் இல்லை. ஆகவே இது பேட்டரியே அல்ல என்று குழு ஒருமனதாகக் கருதுகிறது."

அக்கா ஓரடி முன்னால் வந்தாள். "அப்ப என் ரீடிங் சார்?"

"அவசரப்படாத. பேட்டரி இல்லேன்னு ஆயிட்டதால, அசல் இல்லாத பேட்டரிய உள்ள வெக்கக் கூடாதுங்கற விதி இதுக்குப் பொருந்தாது. இது மெஷினுக்குள்ள இருக்கற ஒரு பொருள். ரப்பர் பேண்ட் மாதிரி. இருந்துட்டுப் போகட்டும். உன் குத்தம் அது இல்ல. நீ வயர் இல்லாம போனதுதான் குத்தம்."

"வயர் எட்டலையே சார். எட்டினாலும் அங்க கரண்ட் கிடையாதே."

வயர் அதிகாரி விதிப் புத்தகத்தைத் தட்டிக்கொண்டே புன்னகைத்தார். வாழ்நாளில் ஒரு நல்ல காரியம் செய்யப்போகிற மனிதரின் புன்னகை அது. "மெஷின்ல வயர் இருக்கணும்னுதான் விதி. வயர்ல கரண்ட் இருக்கணும்னு எங்க போட்டிருக்கு?"

"மறுமுனைய எதுல சார் சொருகறது?"

"அது களத்துல இருக்கற ஊழியர் பாத்துக்க வேண்டியது. எல்லாத்தையும் நானே சொல்லணுமா?"

இப்படியாக ரீடிங் அக்காவும் சுருள் அண்ணனும் மறுபடி கிளம்பினார்கள். மெஷினுக்குள் பேட்டரி அல்லாத பொருள். மெஷினிலிருந்து வயர். வயரின் மறுமுனை சுருள் அண்ணன் கையில். அவள் முன்னால் நடக்க, அவர் பின்னால் பிளக்கைப் பிடித்தபடி, கன்றுக்குட்டியைக் கயிற்றில் பிடித்துப் போவதுபோல் போனார். அக்காவுக்குக் கன்றுக்குட்டி யார் என்றுதான் சந்தேகம்.

தெரு பூராவும் வேடிக்கை பார்த்தது. ஒரு பெண்மணி சுருள் அண்ணனைத் தள்ளி நின்று விசாரித்தாள். "கரண்ட் உங்ககிட்டேருந்தா வருது?"

"இப்போதைக்கு."

"ஷாக் அடிக்குமா?"

"என் வீட்டுக்காரிதான் சொல்லணும்" என்றார் அவர்.

தையல்காரர் வாசலில் மெஷின் மறுபடியும் சமர்த்தாகப் படித்தது. பிளக் பாயிண்ட் எண் என்று கேட்டபோதுதான் அக்காவின் விரல் நின்றது.

"அண்ணே, இதுக்கு என்னத்தப் போடறது?"

சுருள் அண்ணன் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார். "பிளக்கப் பிடிச்சிருக்கறது நான்தானேம்மா. என் ஊழியர் நம்பரையே போட்டு விடு. போய்த் தொலையட்டும். புள்ள உனக்காகக் காத்துட்டு இருக்கு."

போட்டாள். கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. அடுத்த நாளே ஆள் வந்து இணைப்பைக் கொடுத்தான். தையல்காரர் வீட்டில் பல்பு எரிந்தது. பகல் வெளிச்சத்தில் அது தேவையே இல்லை, ஆனாலும் அவர் அணைக்க மனமில்லாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். இஸ்திரிப் பெட்டியின் தூசியைத் துடைத்து முதல் காரியமாகச் சுருள் அண்ணனின் சட்டையை வாங்கித் தேய்த்துக் கொடுத்தார். அக்கா சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் அந்த ஊரில் சிரித்ததே இல்லை.

ஆபீசில் மட்டும் ஒரு சின்ன மாற்றம். புதிதாகப் பதிவான பிளக் பாயிண்டைப் பாதுகாப்புச் சோதனை செய்ய வேண்டும் என்று ஒருவர் டெஸ்டரோடு வந்தார். சுருள் அண்ணனின் தோளில் அதை வைத்துப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. 'பழுது இல்லை, கரண்ட் இல்லை' என்று சொல்லி முதுகில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார். சுருள் அண்ணனும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாப்பிட வீட்டுக்குப் போய், ஸ்டிக்கரோடு தூங்கிவிட்டு வந்தார்.

பெண்டிங் இல்லை என்றதும் வயர் அதிகாரி டிராயரைத் திறந்து, டிரான்ஸ்பர் உத்தரவில் பேனாவை அழுத்திக் கையெழுத்துப் போட்டார். "போய்ட்டு வாம்மா. குடும்பத்தோட நல்லா இரு. குடும்பங்கள சேத்து வெக்கறதுல நம்ம இலாகாவ யாரும் மிஞ்ச முடியாது."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஊழியர், தமது மெஷின், வயர், அதன் பதிவு பெற்ற பிளக் பாயிண்ட் ஆகியவற்றுடன் புதிய இடத்தில் சேர வேண்டும் என்றிருந்தது.

"சார், பிளக் பாயிண்ட்னு இதுல இருக்கறது அண்ணன்."

"தெரியும்."

"அவருக்கு இங்கதான் சார் வீடு. பின்தெருவிலேயே வீடு."

"உன் மெஷின் அவர்கிட்டேருந்துதான் கரண்ட் எடுக்குதுன்னு நீதானே பதிவு பண்ணியிருக்க? பிளக் பாயிண்ட்ட இங்கயே விட்டுட்டு மெஷின அங்க அனுப்பினா, வயர் எட்டுமா?" என்று கேட்டார் வயர் அதிகாரி. அவருக்கு உண்மையிலேயே அது கவலையாக இருந்தது.

மறுத்தால் டிரான்ஸ்பர் உத்தரவே ரத்து என்றார்கள். "நான் போகல அண்ணே, இங்கயே இருந்துடறேன்" என்று அக்கா அழுதாள். சுருள் அண்ணன் கேட்கவில்லை. அவர் மனைவி ஒரு தூக்குவாளியில் சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்து, பாயைச் சுருட்டிக் கையில் கொடுத்து, பஸ் நிலையம்வரை கூட வந்தாள். ராத்திரி பஸ் கிளம்பும்போது, "மத்தியானம் எங்க போய்ப் படுப்பீங்க?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள் பஸ் திரும்பிவிட்டது.

மறுநாள் மத்தியானம் அக்காவின் வீட்டு வாசலில் பெண் ரிப்பனோடு காத்திருந்தாள். ஒரு பின்னல் வாசலைப் பார்த்தது, ஒன்று கொல்லையைப் பார்த்தது. அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பின்னால் பாயும் வயருமாக நின்ற ஆளைக் கவனித்தாள்.

"இது யாரும்மா?"

"மாமாடா. நான் வீட்டுக்கு வந்ததே இவராலதான்."

அக்கா அவருக்கு இலை போட்டாள். கணவன் கூடத்தில் பாயை விரித்து, தலையணையைத் தட்டி வைத்தான். சுருள் அண்ணன் சாப்பிட்டு முடித்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பாயைப் பார்த்தார். படுக்கவில்லை.

"தங்கச்சி, இந்த ஊர்ல பெண்டிங் எத்தன வீடு? அது தீந்தாத்தானே நான் ஊருக்குத் திரும்பலாம்?"

அக்கா இந்த ஊர் ஆபீசுக்குப் போன் போட்டு விசாரித்திருந்தாள். இங்கேயும் வயர் பிரிவு இருந்தது. பெண்டிங் வீடுகளை எண்ண ஆரம்பித்து, பாதியில் சாப்பிடப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பெண்ணை மடியில் இழுத்து உட்கார்த்தி, பின்னலை அவிழ்த்து, தலையை வாரி, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பின்னி முடித்தாள். பிறகு பையிலிருந்து அந்த இன்னொரு பேட்டரியையும் எடுத்து, மாற்றுக்கு இருக்கட்டும் என்று மெஷினோடு சேர்த்து வைத்தாள்.

"வாங்கண்ணே, இப்பவே கிளம்பலாம்" என்றாள். "வெளிச்சம் போறதுக்குள்ள ஒரு தெருவாவது முடிச்சிடலாம்."

சுருள் அண்ணன் எழுந்து, வயரைத் தோளில் மாட்டிக்கொண்டு, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டார்.